நின்றவாக்கில் வைக்கச் சொன்ன தட்டுகள்

அக்கா,

இன்று காலை அரக்கோணம் போகிற ரயிலில் அந்தப் பாட்டு வந்தது. எதிர் இருக்கையில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். காதில் மாட்டுகிற வயர் அறுந்துபோயிற்றாம். அதனால் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகவே வைத்திருந்தாள். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது, இரண்டாம் சரணம் வந்தது. நான் என்னை அறியாமல் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரியின் நடுவில் என் வாய் நான்காம் வரிக்குத் தாவிவிட்டது. செல்போனில் பாடுகிறவள் இன்னும் மூன்றாம் வரியிலேயே இருந்தாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஒரு லைன விட்டுட்டீங்க ஆன்ட்டி."

நான் பதில் சொல்வதற்குள், காலடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்திக்கொண்டாள். அவள் நம் ஊர்க்காரி. "எங்க ஊர்ல அந்தப் பாட்டு அப்டித்தாம்மா. எங்களுக்கு அப்டித்தான் வரும்" என்றாள். அவள் வாயும் அதே இடத்தில்தான் தாவியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பூக்கார அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

வக்கீல் ஆபீசுக்கு வந்து நாலு பக்கம் டைப் அடித்தேன், நாலிலும் பிழை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். பழைய மனு ஒன்றின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ சாவதற்குப் பதினோரு நாள் முன்னால் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்தாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இனிமேலும் ஓட்ட முடியும் என்று தோன்றவில்லை.

உன் கடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மலைப்படிக்குப் போகிற தெருவில், மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசி விடுகிறவர்களுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவில் இருந்தது அது. பத்துக்குப் பத்து அறை. மூன்று சுவரிலும் மர அடுக்கு, அடுக்கு முழுக்க இசைத்தட்டுகள், எல்லாம் நின்றவாக்கில். நல்ல அட்டைகளாகப் பார்த்து நைலான் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும். தட்டு வாங்குகிறவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அருகிவிட்டார்கள். ஆனால் டேப் ரெக்கார்டர் இல்லாத வீடு இல்லை. பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேசட்டில் பதிந்து தருவீர்கள். 'லிஸ்டு குடுத்துட்டியா' என்று நம் தெருவில் கேட்டால் அது மளிகை லிஸ்டு இல்லை, பாட்டு லிஸ்டு.

முதலில் நான் லிஸ்டு கொடுத்தது உன் வீட்டுக்காரரிடம். நீ பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண், அவர் உனக்கு மாமன் மகன். கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாய் என்பது பிறகு தெரிந்தது. நான் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு பாட்டில் பதினொன்று கடையில் இருந்தன. இல்லாத ஒன்று இந்தப் பாட்டு. "இத்த நாலு பேரு கேட்டுட்டாங்கம்மா. மெட்ராஸ் போறப்ப தேடினு வரேன்" என்றார். தேடிக் கண்டுபிடித்து வாங்கவும் வாங்கிவிட்டார். திரும்பி வருகிற வழியில் அவர் வந்த பஸ் லாரியில் மோதிக் கவிழ்ந்தது.

அவருடைய பையை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பற்றி நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாய். "ஆளு போய்ட்டாரு. தட்டுக்கு ஒரு கீறல் இல்ல, பாத்துக்கோ" என்றாய். கோபமாகச் சொன்னாயா, பெருமையாகச் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் லிஸ்டினால்தானே போனார் என்று நான் அழுதபோது, "உன்னாலயா? நாலு பேரு கேட்டாங்கனு சொல்றன். அந்த மூணு பேரும் அழுறாங்களா இன்னா?" என்று அதட்டினாய். அதட்டல்தான் உன் ஆறுதல்.

காரியம் முடிந்த மறுவாரம் நான் கடைப்பக்கம் வந்தேன். கேசட் வாங்க வரவில்லை, துக்கம் விசாரிக்க வந்தேன். நீ கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். முன்பின் பேசியிராத என்னைப் பார்த்து, "லிஸ்டு குடுத்திருந்தியே, நீதான? ஒக்காரு, கடைசிப் பாட்டு ஏறிகினு கீது" என்றாய். அந்தப் புதுத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டேப்பில் என் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கிறவர் ஒருவரும் தன் கேசட்டுக்காக ஸ்டூலில் காத்திருந்தார். அப்போதுதான் வாசலில் டெம்போ வந்து நின்றது.

உன் கொழுந்தன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். புத்தூரில் ஒருவரிடம் எல்லாவற்றையும் மொத்தமாக விற்கப் பேசி முடித்துவிட்டாராம். பொம்பளை நடத்துகிற வியாபாரமா இது என்றார். நீ எழுந்திருக்கவே இல்லை.

"வண்டி நின்னுகினு கீது அண்ணி. எதுக்கு இதெல்லாம் போட்டுகினு ஒக்காந்துகினு கீற? நிறுத்து."

"பாட்டு ஓடுது இல்ல? முடியட்டும்."

அவர் எட்டி, ஓடுகிற தட்டின் மேலிருந்த முள்ளைத் தூக்கப் போனார். நீ அவர் கையைப் பிடித்தாய். இரண்டு பேர் கையும் சேர்ந்து முள்ளைத் தட்டின் குறுக்கே இழுத்துவிட்டன. எழுந்த சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

நீ அப்போதுதான் எழுந்தாய். "எடுறா கைய. இது எங் கட. எம் பாவா எனக்கு வெச்சிட்டுப் போன கட. ஒரு தட்டு வெளிய போவாது."

அவர் வாயைத் திறப்பதற்குள் மடப்பள்ளிக்காரர் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நான் லிஸ்டு குடுத்துப் பத்து நாளாறது. என் பாட்டு ஏறாம இங்கேர்ந்து ஒண்ணும் போகப்படாது" என்றார். பூக்கட்டுகிற பெண்கள் வந்தார்கள். எனக்கும் பாக்கி, எனக்கும் பாக்கி என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது, லிஸ்டு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏராளம். கேசட் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஊரே உன் பக்கம் நின்றது என்று பின்னால் நீயே சொல்லிச் சிரிப்பாய். டெம்போ காலியாகத் திரும்பிப் போனது.

எல்லோரும் போன பிறகு அந்தத் தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய். மறுபடி போட்டாய். இரண்டாம் சரணத்தில் மூன்றாம் வரி பாதியில் அறுந்து நான்காம் வரிக்குத் தாவியது. முள்ளை எடுத்து மறுபடி வைத்தாய், மறுபடி தாவியது. உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "போவட்டும். கட நின்னுச்சில்ல" என்றாய். கேசட்டை வேறு பதிந்து தரட்டுமா என்று கேட்டாய். நான் வேண்டாம் என்றேன். என் கேசட்டில் அந்த இழுபடும் சத்தம் அப்படியே பதிந்திருக்கிறது.

அந்தப் பாட்டுக்குக் கேசட் தனியாக வந்ததாகத் தெரியவில்லை. உன் கடையில்தான் எல்லோரும் பதிந்துகொண்டார்கள், அந்த ஒரே தட்டிலிருந்து. அதனால் நம் ஊரில் அத்தனை வீட்டிலும் அது தாவித்தான் பாடியது. டீக்கடையில் தாவியது, காதுகுத்தில் தாவியது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த பேண்டுக்காரர்கள், உன் கேசட்டைக் கேட்டுப் பழகியவர்கள், அந்த இடத்தில் ட்ரம்பெட்டிலும் அதே மாதிரி தாவி வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நீயும் நானும் பந்தியில் உட்கார்ந்து புரையேறுகிற வரைக்கும் சிரித்தோம். வேறு தட்டு தேடிப் பார்க்கலாமே என்று ஒரு முறை கேட்டதற்கு, "எதுக்கு? அந்த எடம் வந்தா எனக்கு தெம்பா கீது" என்றாய். கொழுந்தன் கையைப் பிடித்து நிறுத்திய இடம் அது. உனக்கு அது கீறல் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பின்னால் அப்படிச் செய்தேன்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம், ரயில் விட்டு இறங்கினால் நேரே உன் கடைதான். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுகிற வேலையைக் கொடுத்தாய். ஒரு பக்கத்துக்கு ஆறு வரி, அடிக்கோடு சிவப்பு மையில். நீ உட்கார்ந்திருந்ததால் பெண்கள் தாங்களாகவே லிஸ்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் அண்ணன் தம்பியிடம் சொல்லித்தான் அனுப்புவார்கள், அவனோ தனக்குப் பிடித்ததை ஏற்றிக்கொண்டு வருவான். யாராவது கேட்டுப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றால் பல்லவி மட்டும் போடுவாய், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. "மொத்தமும் இங்கியே கேட்டுட்டா வூட்ல போயி இன்னா கேப்ப?" என்பாய்.

தறி ஓடுகிற சத்தத்திலும் கேட்க வேண்டும் என்று நெசவுக்காரர்கள் வந்தால் எந்தப் பாட்டு எடுபடும் என்று உனக்குத் தெரியும். எல்லை தாண்டி வருகிறவர்களிடம் தெலுங்கில் பேசி, அவர்கள் மறந்துபோன பாட்டை மெட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். லிஸ்டைப் படித்துவிட்டு ஆளை எடைபோடுவதும் உண்டு. "மூணு ரகம்டி வசந்தா. காதலிக்கிறவன், கைவுட்டவன், கல்யாணத்துக்கு மைக் செட்டு போடறவன். இவன் ரெண்டாவது" என்று என் காதோரம் சொல்வாய். நான் என் கல்யாணப் பேச்சு மூன்றாவது முறை முறிந்தபோது கொடுத்த லிஸ்டைப் படித்துவிட்டு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நான் எழுதாத பாட்டுகளாகப் பன்னிரண்டு ஏற்றிக் கொடுத்தாய். ஒன்றுகூட சோகப் பாட்டு இல்லை. எனக்குக் கோபம் வந்தது, மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அந்தக் கேசட்டைத்தான் இன்றைக்கும் அதிகம் கேட்கிறேன்.

பிறகு, உனக்குத் தெரிந்ததுதான். ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு என்று படிக்கட்டு ஓரத்துத் தள்ளுவண்டியில் கூவி விற்றார்கள். லிஸ்டு கொடுக்கிறவர்கள் குறைந்து, நின்றும் போனார்கள். அதே சமயம் உனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நடந்து வந்ததால் என்றாய், வெயில் என்றாய். சிறுநீரகம் இரண்டும் பழுது என்று டாக்டர் சொன்னபோது நான்தான் கூட இருந்தேன். பள்ளிப்பட்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அவர் வீட்டில் தறி போக மீதி இடத்தில்தான் ஆட்களே படுக்க வேண்டும். தட்டுகளை எங்கே கொண்டுபோவது?

"உங்க வூட்டு மாடி காலியாத்தான கீது" என்றாய்.

"அது ஷீட்டு போட்ட ரூமு, அக்கா. கொதிக்கும்."

"அதான் சொல்றன். மேல வெக்காத, கீழ உன் ரூம்ல வை. மாடில வேற சாமான போட்டுக்கோ. நின்னாப்புல வை, ஒண்ணுமேல ஒண்ணு படுக்க வெச்சிடாத. வெயில் படக்கூடாது. நான் எழுந்து வந்தா திருப்பி வாங்கிக்கறன்."

ஆங், ஆங் என்று தலையாட்டினேன்.

நானூற்றுச் சொச்சம் தட்டுகளும் கடையின் பிளேயரும் ஆட்டோவில் நாலு நடையாக வந்தன. என் அறையைக் காலி செய்ய வேண்டும், பீரோவை நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆப்பிள் பெட்டிகளில் படுக்கப்போட்டு அடுக்கி, மாடி அறையில் வைத்தேன். அது மாசி மாதம். அந்த ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. அம்மா படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் அம்மா விழுந்தது சித்திரையில். அதற்கு முன்னால் எட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம். நீ நோயில் விழுந்ததற்கு, கடையை மூடியதற்கு, சாயங்காலம் ரயில் விட்டு இறங்கினால் போவதற்கு எனக்கு இடமில்லாமல் செய்ததற்கு. உன்மேல் காட்ட முடியாத கோபத்தை அந்தப் பெட்டிகள்மேல் காட்டினேன். மாடிக்கே போகாமல் இருந்தேன். அக்கினி நட்சத்திரம் முழுக்க அவை அந்த ஷீட்டுக்கு அடியிலேயே கிடந்தன. அடுத்த வருடக் கத்திரியிலும் கிடந்தன.

அதற்குள் மாதம் ஒரு முறை உன்னைப் பார்க்கப் பள்ளிப்பட்டு வந்துகொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் "தட்டுங்கோ நல்லா கீதா?" என்று கேட்பாய். ஒவ்வொரு முறையும் "ராணி மாதிரி கீதுக்கா" என்பேன். அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

கடைசியில் உன் அண்ணன் போன் செய்தார். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உன்னிடம் கொடுத்தார். உன் குரல் ஒடுங்கியிருந்தது. "வசந்தா, அந்தத் தட்ட எடுத்துகினு வரியா? பிளேயரும் எடுத்துகினு வா. ஒரு தபா கேக்கணும்."

மாடிக்குப் போனேன். பெட்டியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. அட்டைகளே வளைந்திருந்தன. மேலே இருந்தவை வாணலியில் போட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் நெளிந்திருந்தன. அடியில் இருந்தவை ஒன்றோடொன்று அழுந்தி நடுவில் குழிந்திருந்தன. ஒரு பெட்டியில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று நாலு பெட்டியையும் கொட்டிப் பார்த்தேன். தரையில் நேராகப் படுக்கிற தட்டு ஒன்றுகூட இல்லை. உன் தட்டு மூன்றாவது பெட்டியில் இருந்தது. பிளேயரில் வைத்தேன். முள் ஒரு சுற்றுகூட நிற்காமல் துள்ளிக் கீழே விழுந்தது.

அப்புறம் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த இரண்டு சாமி படங்களைக் கழற்றி, கண்ணாடிகளை எடுத்து, நடுவில் தட்டை வைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்து வெயிலில் போட்டேன். வெயிலில் வளைந்தது வெயிலிலேயே நிமிரும் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ. சாயங்காலம் எடுத்தபோது தட்டு நேராகத்தான் இருந்தது. முள் ஓடுகிற கோடுகள் மழுங்கி, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுத்தது. முள்ளை வைத்தால் இரைச்சல் மட்டும் வந்தது. அதற்குள் எங்கோ அடியில் ஒரு பெண் குரல் முனகுகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கே உன்னிடம் வந்து அழுதிருக்கலாம். நீ அதட்டியிருப்பாய், அதோடு தீர்ந்திருக்கும். நான் தள்ளுவண்டிக்குப் போனேன். நூற்றைம்பது பாட்டு சிடியில் அந்தப் பாட்டு இருந்தது. ஆரம்பம் மட்டும் போட்டுக் காட்டச் சொன்னேன், பளிச்சென்று கேட்டது. என் அலமாரியில் உன் கேசட் இருந்தது அக்கா. ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிடைத்திருக்கும். கேசட் என்றால் இரைச்சலை வைத்து நீ கண்டுபிடித்துவிடுவாய், சிடி என்றால் தட்டிலிருந்து எடுத்தது என்று நம்புவாய் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தாவல் தட்டின் கீறலால் வந்தது என்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பாட்டே அப்படித்தான் என்று என் காதுக்குப் பழகிவிட்டது. எந்தச் சிடியில் போட்டாலும் அந்த இடத்தில் தாவும் என்றுதான் என் மனதுக்குள் இருந்திருக்க வேண்டும்.

உன் அண்ணன் வீட்டில் தறியை நிறுத்திவிட்டார்கள். காலை பதினோரு மணி இருக்கும். நீ சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாய். முகம் மட்டும்தான் நீ. "பிளேயர் எங்கடி?" என்றாய்.

"மோட்டார் போச்சுக்கா. ரிப்பேருக்குக் குடுத்துகீறேன். அரக்கோணத்துல ஒரு கடையில நம்ம தட்டுல இருந்தே சிடில ஏத்திகினு வந்தேன்."

"ஆங். போடு."

உன் அண்ணன் வீட்டு சிடி பிளேயரில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாய். பல்லவியில் உன் விரல் பாயில் தாளம் போட்டது. முதல் சரணத்தில் கொஞ்சம் சிரித்தாய். இரண்டாம் சரணம் வந்தது. மூன்றாம் வரி பாதிக்கு வந்தது, உன் விரல் தாவி அடுத்த தாளத்துக்குப் போனது. பாட்டு போகவில்லை. அவள் அந்த வரியை முழுசாகப் பாடினாள், நிதானமாக, கடைசி எழுத்துவரை. உன் விரல் அப்படியே நின்றது. நிறுத்திவிடலாமா என்று கை போனது, ஆனால் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. உன் அண்ணி வந்து பிளேயரை நிறுத்திவிட்டுப் போனாள்.

நீ கண்ணைத் திறக்காமலே பேசினாய். "அந்த வரி நல்லாத்தான் கீது. மறந்தே பூட்டன்."

நான் சிடியை எடுத்து உறைக்குள் போட்டேன்.

"எல்லாமே போச்சா? இல்ல அது மட்டுமா?"

உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். கீழே விழுந்தவன் எந்தக் கால் போச்சு என்று கேட்கிற மாதிரி கேட்டாய்.

"அது மட்டும்தான்க்கா" என்றேன். "மாடில ஒரு நாளு மறந்து வெச்சிட்டன். மத்ததெல்லாம் கீழ என் ரூம்ல நின்னாப்புல கீது."

என் கையைத் தேடிப் பிடித்தாய். "போவட்டும். மத்தத பாத்துக்கோ" என்றாய்.

பதினோரு நாள் கழித்து நீ போய்விட்டாய். நீ நம்பினாயா? நம்பியது போல இருந்தாயா? நானூறு தட்டு வளைந்தது தெரியாத காது உன்னுடையது இல்லை, நான் பேசுகிற குரலிலேயே உனக்குத் தெரிந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். அப்படியானால் எனக்காகத்தான் பேசாமல் இருந்தாய். சில நாள், நம்பித்தான் போனாய் என்று தோன்றும். பாவா வைத்துவிட்டுப் போன கடை எங்கோ ஓர் அறையில் நின்றுகொண்டிருக்கிறது என்ற தெம்போடு போனாய். இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை. முதலாவது என்றால் உன்னைச் சாகிற நேரத்திலும் எனக்காக உழைக்க வைத்தேன். இரண்டாவது என்றால் உன்னை ஏமாற்றி அனுப்பினேன்.

உன் காரியம் முடிந்து வந்த அன்றே பீரோவை நகர்த்தினேன். அரை மணி நேர வேலை. இரண்டு சுவரில் பலகை அடித்து, எல்லாத் தட்டுகளையும் கீழே இறக்கி நின்றவாக்கில் அடுக்கினேன். வளைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் முட்டிக்கொண்டு நின்றன, அதனால் இடம் இரட்டிப்பாகப் பிடித்தது. ஜன்னலுக்குக் கனமான துணி போட்டேன். வெயில் விழுவதில்லை. மாதம் ஒரு முறை நீ துடைக்கிற மாதிரியே, உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, வட்டமாகத் துடைத்து வைக்கிறேன். போன வருடம் பழைய தட்டு வாங்குகிற ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். இப்போது இதற்கெல்லாம் மறுபடி ஆட்கள் அலைகிறார்களாம். ஆசையாக நாலைந்து உருவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட ஓடாதும்மா. இத எதுக்கு இவ்ளோ பத்திரமா வெச்சிகினு கீறீங்க?" என்று கேட்டார். ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றேன்.

பூக்கார அம்மாள் ஒன்றும் தெரியாமல்தான் பேசினாள். ஆனால் அவள் வாயும் தாவியதைப் பார்த்தபோது, நீ கொழுந்தன் கையைப் பிடித்து நிறுத்திய அந்த இடம் நான் அழித்த தட்டில் மட்டும் இருக்கவில்லை என்று தெரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் இருக்கிறது, நானும் அவளும் இன்னும் யார் யாரோ போகிற வரைக்கும் இருக்கும். என்னை மன்னிக்க அது போதாது, அதற்காகச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆபீசில் எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அது மட்டும் இல்லக்கா. எல்லாமே போச்சு.